பிஎல்ஆர் 262 என்று சிவப்பில் வந்திருக்கிறது, பயப்பட வேண்டுமா?

வாசகி கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 43. வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு லேப் கேம்ப் போட்டார்கள். தள்ளுபடி விலையில் முழு உடம்பு செக்கப் என்றார்கள், எடுத்தேன். ரிப்போர்ட்டில் பிஎல்ஆர் 262 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. போன் செய்து கேட்டதற்கு, "உடம்புக்குள்ள அழற்சி இருக்கும்மா, கேன்சர் மார்க்கர் டெஸ்ட் எல்லாம் எடுத்துடுங்க, 4,500 ரூபாய்" என்றார்கள். என் கொழுந்தனார் நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, புற்றுநோய் உள்ளவர்களுக்குத்தான் இந்த எண் ஏறும் என்று சொல்லிவிட்டார். பதினைந்து நாளாகத் தூக்கம் இல்லை.

மற்ற எண்கள்: ஹீமோகுளோபின் 9.1, சிவப்பணுக்கள் 41 லட்சம், எம்சிவி 68, வெள்ளை அணுக்கள் 7,000, லிம்ஃபோசைட் 24 சதவீதம், பிளேட்லெட் 4.4 லட்சம், இஎஸ்ஆர் 38, சிஆர்பி 3. காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. மாலையானால் முழங்கால் வலிக்கும், மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். இதை எழுதலாமா தெரியவில்லை, ஒன்றரை வருடமாக மாதவிலக்கு எட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாகவும் படுகிறது. அழற்சி குறைய நான் என்ன சாப்பிட வேண்டும்? மணலி பக்கத் தொழிற்சாலைகளில் இருந்து வரும் புகையால் இப்படி ஆகியிருக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று இரவு நிம்மதியாகத் தூங்குங்கள். நீங்கள் எழுதிய எண்களில் புற்றுநோயைக் காட்டுவதாக எதுவும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. "எழுதலாமா தெரியவில்லை" என்று தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதினீர்களே, அந்த வரியில்தான் அது இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த 262 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

பிஎல்ஆர் தனி டெஸ்ட் கிடையாது. அதற்கென்று உங்கள் கையில் இருந்து ஒரு சொட்டு ரத்தம்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை. ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி பரிசோதனையில் எப்போதும் இருக்கும் இரண்டு எண்களில் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் பிஎல்ஆர். மேலே பிளேட்லெட், கீழே லிம்ஃபோசைட் என்ற ஒரு வகை வெள்ளை அணு. உங்கள் கணக்கையே போடுவோம். வெள்ளை அணுக்கள் 7,000, அதில் 24 சதவீதம் லிம்ஃபோசைட் என்றால் 1,680. பிளேட்லெட் 4,40,000. இதை 1,680ஆல் வகுத்தால் 261.9 வரும். அதைத்தான் கம்ப்யூட்டர் 262 என்று அச்சடித்து, அதில் பதிந்து வைத்திருக்கும் எல்லையைத் தாண்டியதால் சிவப்பாக்கியிருக்கிறது. தையல் அளவு எடுக்கிற உங்களுக்கு இந்த வகுத்தல் கஷ்டமாக இருக்காது. யாராவது சதவீதத்தை அப்படியே வைத்து வகுத்தால் விடை தப்பாகிவிடும். எண்ணிக்கையை எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும்.

சரி, இந்த இரண்டையும் எதற்காகச் சேர்த்துப் பார்க்கிறார்கள்? அதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், அதாவது கிருமித் தொற்றோ, மூட்டுவாதமோ, உள்ளே ஆறாத புண்ணோ இருந்தால், நோய் எதிர்ப்பு அணுக்கள் சில ரசாயனச் செய்திகளை ரத்தத்தில் அனுப்பும். அதில் ஒன்று இன்டர்லூக்கின் 6. இது ஈரலுக்குப் போய் த்ரோம்போபொய்ட்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகிறது, பிளேட்லெட் உற்பத்தி கூடுகிறது. ரத்தம் உறைவதற்குத்தான் பிளேட்லெட் என்று பள்ளியில் படித்திருப்போம். அழற்சியிலும் அதற்கு வேலை இருக்கிறது. வெள்ளை அணுக்களோடு ஒட்டிக்கொண்டு, தானும் ரசாயனங்களை வெளியிட்டு, சண்டை நடக்கும் இடத்துக்கு ஆள் சேர்க்கிறது.

லிம்ஃபோசைட் இதற்கு எதிர்த் திசையில் போகும். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடும். கார்ட்டிசால் கூடினால் ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட்டுகள் நெறிகட்டும் இடங்களுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் ஒதுங்கிவிடும், சில அழிந்தும் போகும். ஆகவே அழற்சியில் மேலே இருக்கும் எண் ஏறுகிறது, கீழே இருப்பது இறங்குகிறது. இரண்டையும் வகுத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். கூடுதல் செலவும் இல்லை. அதனால் ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் நிறைய ஆர்வம். மூட்டுவாதம், லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்), மாரடைப்பு, பல வகைப் புற்றுநோய்கள், அப்புறம் கொரோனா என்று பல நோய்களில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நோய் உள்ள ஒரு கூட்டத்தையும் இல்லாத ஒரு கூட்டத்தையும் எதிரெதிரே வைத்தால், நோய் உள்ள கூட்டத்தின் சராசரி அதிகமாக இருக்கிறது. உங்கள் கொழுந்தனார் நெட்டில் படித்தது இந்த மாதிரி ஆய்வுகளாகத்தான் இருக்கும். அவர் படித்தது பொய்யில்லை. கூட்டத்தின் சராசரியைத் தூக்கி ஒரு ஆளின் தலையில் வைத்ததுதான் தவறு.

ஏன் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. காசிமேட்டில் வஞ்சிரம் விலை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வரத்து இல்லாமல் விலை ஏறும். தடை இல்லாத மாதத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் மொய்த்தால் விலை ஏறும். விலையை மட்டும் கேட்டுவிட்டு, கடலில் மீன் இல்லை என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? வரத்து எவ்வளவு, கூட்டம் எவ்வளவு என்று தனித்தனியாகத்தானே கேட்பீர்கள்! விகிதத்தையும் அப்படித்தான் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஒருவருக்கு பிளேட்லெட் 2 லட்சம், லிம்ஃபோசைட் 2,000. பிஎல்ஆர் 100. இன்னொருவருக்கு பிளேட்லெட் 80,000, லிம்ஃபோசைட் 800. அவருக்கும் பிஎல்ஆர் 100தான். முதல் ஆள் நன்றாக இருக்கிறார். இரண்டாம் ஆளை நான் அன்றைக்கே மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பேன். ரிப்போர்ட்டில் இரண்டு பேருக்கும் அந்த வரி கறுப்பு எழுத்தில்தான் வந்திருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்தைந்து வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்து டெங்கு பரவிய ஒரு வருடத்தில், ஒரு பையனின் ரிப்போர்ட்டோடு அவன் அப்பா வந்தார். பிளேட்லெட் 42,000, லிம்ஃபோசைட் 2,100. பிஎல்ஆர் 20. "இது குறைவாத்தான் டாக்டர் இருக்கு, அழற்சி இல்லைன்னு அர்த்தமாம்" என்று நிம்மதியாகச் சொன்னார். பையன் வயிற்று வலியோடு சுருண்டு பெஞ்சில் படுத்திருந்தான். நேராக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன், நாலு நாள் உள்நோயாளியாக இருந்து பிழைத்து வந்தான். டெங்குவில் பிளேட்லெட்டே அழிவதால் விகிதம் விழுந்துவிடுகிறது. நோய் எவ்வளவு தீவிரமோ அவ்வளவு "நல்ல" எண் வரும். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் விகிதங்கள் அச்சடித்த பகுதியை விரலால் மறைத்துக்கொண்டு மற்றதை முதலில் படிப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கும் ஹீமோகுளோபினுக்கும் இருப்பது போல எல்லா நாட்டு மருத்துவர்களும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு பிஎல்ஆருக்கு இல்லை. ஆரோக்கியமானவர்களுக்கு நூறு, நூற்றைம்பது என்று இருப்பது சகஜம், இருநூறைத் தொடுபவர்களும் உண்டு. ஒரே ஆளுக்கே நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் கார்ட்டிசால் அதிகம் என்பதால் லிம்ஃபோசைட் குறைவாக இருக்கும், இரவில் கூடும். உடம்பில் உள்ள மொத்த லிம்ஃபோசைட்டுகளில் ரத்தத்தில் ஓடுவது நூற்றில் இரண்டு பங்குதான். மீதி எல்லாம் நெறிகளிலும் மண்ணீரலிலும் குடலிலும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த இரண்டு பங்கில் கொஞ்சம் இடம் மாறினாலே விகிதம் ஆடிப்போகும்.

இப்போது உங்கள் எண்களைப் பிரித்துப் பார்ப்போம். லிம்ஃபோசைட் 1,680. பெரியவர்களுக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தால் போதும், ஆகவே கீழே இருக்கும் எண்ணில் குறையே இல்லை. பிளேட்லெட் 4.4 லட்சம். ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை சாதாரணம், நீங்கள் மேல் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், தாண்டவில்லை. அதாவது தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் எல்லைக்குள். வகுத்த பிறகு மட்டும் சிவப்பு. ஏற்றியது பிளேட்லெட்தான். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் பிளேட்லெட் ஏன் மேல் எல்லையை ஒட்டி நிற்கிறது என்பதுதான்.

இரும்புச்சத்து இல்லாததால். நான் இவ்வளவு உறுதியாக நினைப்பதற்குக் காரணம் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.1. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. எம்சிவி என்பது சிவப்பணுவின் அளவு, 80க்கு மேல் இருக்க வேண்டும், உங்களுக்கு 68. அணுக்கள் சிறுத்துப்போயிருக்கின்றன. பரம்பரையாக வரும் தலசீமியாவிலும் அணு சிறுக்கும். அதில் பெரும்பாலும் அணுக்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும், உங்களுக்கோ 41 லட்சம்தான். இதோடு ஒன்றரை வருடமாக எட்டு நாள், கட்டி கட்டியாக ரத்தப்போக்கு. வேறு என்ன சாட்சி வேண்டும்?

இரும்பு குறைவதற்கும் பிளேட்லெட் ஏறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவுக்கும் பிளேட்லெட்டுக்கும் ஒரே தாய் செல்தான். இரும்பு கிடைக்காதபோது சிவப்பணுவாக முடியாமல் அந்தச் செல்கள் பிளேட்லெட் பக்கம் சாய்ந்துவிடுகின்றன. அதனால் அழற்சி துளியும் இல்லாமலே பிளேட்லெட் ஏறும், பிஎல்ஆரும் கூடவே ஏறும். நம் ஊர்ப் பெண்களுக்கு பிஎல்ஆர் அதிகம் என்று வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல்! இப்படி ஒரு ஊரில் கேம்ப் போட்டு, பிஎல்ஆரை சிவப்பில் அச்சடித்து, ஒவ்வொரு வீட்டிலும் கேன்சர் பயத்தைப் போட்டால் எத்தனை பேர் தூக்கம் போகும்?

எனக்கு ஆதங்கம் எதில் என்றால், உங்கள் ஹீமோகுளோபினும் அந்த ரிப்போர்ட்டில் சிவப்பில்தான் இருந்திருக்கும். அதைப் பற்றி லேப்காரரும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை. பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருப்பது சகஜம் என்று விட்டுவிட்டார்கள், புதிதாக ஒரு பெயர் தெரியாத எண் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கண்ணை இருட்டுகிறதா, முடி கொட்டுகிறதா என்று உங்களை யாராவது கேட்டார்களா? அரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லத் தோன்றுகிறதா, ஐஸ் கட்டியைக் கடிக்கத் தோன்றுகிறதா? நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் இருக்கும் என்றே நினைக்கிறேன். இவை எல்லாம் இரும்பு இல்லாத உடம்பு எழுப்புகிற குரல்.

இஎஸ்ஆர் 38ஐயும் அழற்சிக் கணக்கில் சேர்த்திருப்பார்கள். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதை மேல் எல்லையாக வைத்துக்கொள்வது ஒரு வழக்கம். உங்களுக்கு 26 அல்லது 27. அதைவிடக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இஎஸ்ஆர் என்பது சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாகக் கீழே படிகின்றன என்ற அளவு. ரத்தசோகை இருந்தாலே அவை வேகமாகப் படியும். சிஆர்பி அப்படி இல்லை. அது ஈரல் நேரடியாகச் சுரக்கும் புரதம், அழற்சி தொடங்கினால் சில மணி நேரத்தில் ஏறும், அடங்கினால் சில நாளில் இறங்கும், ரத்தசோகையால் அவ்வளவாகப் பாதிக்கப்படாது. உங்கள் சிஆர்பி 3. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிஎல்ஆர், இஎஸ்ஆர், சிஆர்பி மூன்றும் ஒரே ரிப்போர்ட்டில் வந்து ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், அழற்சி விஷயத்தில் நான் சிஆர்பி பேச்சைத்தான் முதலில் கேட்பேன். லூபஸ் மாதிரி சில நோய்களில் அதுவும் அமைதியாக இருந்துவிடும். ஆனால் அதற்கான அறிகுறி எதுவும் உங்களிடம் இல்லை.

முழங்கால் வலிக்கு வருவோம். மாலையில் வலிக்கிறது, நாள் முழுக்க மெஷின் பெடல் மிதிக்கிறீர்கள், வயது 43. இது தேய்மானம் தொடங்குவதாக இருக்கலாம், தசை பலவீனமாகவும் இருக்கலாம். மூட்டுவாதம் வேறு மாதிரி வரும். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, அரை மணி நேரம் ஒரு மணி நேரம் அந்த இறுக்கம் போகாது, இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள் வீங்கும், ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும். அப்படி இருந்தால் ஆர்எஃப், ஆன்டி சிசிபி பரிசோதனைகள் வேண்டும். மூட்டுவாதத்தை வகைப்படுத்த உலகம் முழுக்கப் பயன்படும் 2010ஆம் ஆண்டு விதிமுறையில் எத்தனை மூட்டு, எத்தனை வாரம், இந்த இரண்டு பரிசோதனைகள், இஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, இவற்றுக்குத்தான் மதிப்பெண். பிஎல்ஆருக்கு அதில் இடம் இல்லை.

வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரை என்கிறீர்களே, அதைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். இரண்டு காரணம். வலி மாத்திரைகள் பல, வயிற்றில் புண்ணை உண்டாக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிய வைக்கும். ஏற்கெனவே மாதாமாதம் ரத்தத்தை இழக்கும் உங்களுக்கு அது இன்னொரு ஓட்டை. அடுத்தது, பெயர் இல்லாமல் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு லிம்ஃபோசைட்டை இறக்கும், பிஎல்ஆரைத் தானாக ஏற்றிவிடும். எப்போதாவது ஒன்று இரண்டு போட்டிருந்தால் அப்படியே நிறுத்தலாம். பல வாரமாகத் தினமும் போட்டிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாமல், மிச்சம் இருக்கும் மாத்திரையை டாக்டரிடம் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறும்.

புற்றுநோய் பற்றி மறைக்காமல் சொல்கிறேன், அப்போதுதான் உங்கள் மனம் அடங்கும். பிஎல்ஆருக்கு இல்லாத ஒரு மதிப்பு பிளேட்லெட்டுக்கு உண்டு. இங்கிலாந்தில் 2017இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், 40 வயது தாண்டி பிளேட்லெட் நாலரை லட்சத்துக்கு மேல் இருந்தவர்களில், ஒரு வருடத்துக்குள் ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 6 பேருக்கும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பிளேட்லெட் சாதாரணமாக இருந்த பெண்களில் அது நூற்றுக்கு 2 பேர். நீங்கள் அந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள், உங்கள் பிளேட்லெட்டுக்குத் தெளிவான வேறு காரணமும் இருக்கிறது. ஆகவே இப்போது 4,500 ரூபாய் கொடுத்து மார்க்கர் டெஸ்ட் எடுக்க வேண்டாம். அந்த மார்க்கர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நோய் தெரிந்தவர்களுக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கானவை. அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுத்தால் மாதவிலக்கு, கர்ப்பப்பைக் கட்டி மாதிரி சாதாரண காரணங்களுக்கே சிஏ 125 என்ற மார்க்கர் ஏறி வந்து, இன்னும் பதினைந்து நாள் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் இரும்புச்சத்து நிறைந்த பிறகும் பிளேட்லெட் இறங்கவில்லை என்றால், நாலரை லட்சத்தைத் தாண்டிப் போகிறது என்றால், அதை விடக் கூடாது. அப்போது காரணம் தேடியே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அதே ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்களுக்குப் பழக்கமான டாக்டரிடமோ போங்கள். ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லுங்கள், அது உடம்பில் இருக்கும் இரும்பின் கையிருப்பு. 15க்குக் கீழே இருந்தால் கையிருப்பு காலி என்று அர்த்தம். கூடவே பெரிஃபெரல் ஸ்மியர், அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இதை நான் எப்போதும் வற்புறுத்துவேன். சிவப்பணு ரொம்பச் சிறுத்திருந்தால் சில மெஷின்கள் அதையும் பிளேட்லெட் என்று சேர்த்து எண்ணிவிடும். ஊதா மூடிக் குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் குறைத்தும் எண்ணிவிடும். மனிதக் கண் பார்த்தால் தெரிந்துவிடும். தைராய்டும் ஒரு முறை பார்த்துவிடலாம், அது சரியில்லை என்றாலும் மாதவிலக்கு அதிகமாகும்.

இதைவிட முக்கியமானது மகளிர் மருத்துவரிடம் போவது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி எந்த அளவுக்கு இருக்கிறது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஸ்கேன் எடுப்பார்கள். இந்த வயதில் அடிக்கடி காண்பது ஃபைப்ராய்டு எனப்படும் சாதாரணக் கட்டிகள். தேவைப்பட்டால் கர்ப்பப்பையின் உள்பக்கச் சவ்வில் இருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 40க்கு மேல் ரத்தப்போக்கு மாறியிருந்தால் அது நல்ல முன்ஜாக்கிரதை, அதைக் கேட்டு பயந்துவிடாதீர்கள். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் நிறையாது, அதனால்தான் மாத்திரையோடு இதையும் சொல்கிறேன்.

இரும்பு மாத்திரை அரசு நிலையங்களிலேயே இலவசமாகக் கிடைக்கும். தினமும் போடுவதா ஒரு நாள் விட்டு ஒரு நாளா என்று டாக்டர் சொல்வார். ஒரு நாள் விட்டுப் போட்டாலும் உடம்பு நன்றாகவே இழுத்துக்கொள்கிறது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடாதீர்கள், முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால்தான். ஆனால் மாத்திரை தொடங்கும் முன்பே தார் மாதிரி கறுப்பாகப் போயிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் விடாமல் போட வேண்டும், கையிருப்பு நிறைய அவ்வளவு நாள் ஆகும். நிறைய பேர் தெம்பு வந்ததும் நிறுத்திவிட்டு ஆறு மாதத்தில் திரும்ப வருகிறார்கள்.

அழற்சி குறைய என்ன சாப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குக் குறைக்க வேண்டிய அழற்சி இல்லை, ஆகவே எந்தப் பவுடரும் வேண்டாம். மஞ்சள் பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் குடியுங்கள், இரும்பு மாத்திரை போடும் நேரத்தில் மட்டும் வேண்டாம். சுவரொட்டியும் ஈரலும் வாங்க முடிந்த வாரத்தில் வாங்குங்கள், அவற்றில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் நல்லவைதான், ஆனால் 9.1இல் இருக்கும் ஹீமோகுளோபினைக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது.

மணலிப் புகை பற்றிய உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. காற்றில் உள்ள நுண்துகள்கள் நுரையீரலிலும் ரத்தக் குழாயிலும் அழற்சியைத் தூண்டும் என்பது உண்மை. வட சென்னையில் அதைச் சுவாசித்து வாழ்கிறவர்களில் நானும் ஒருத்தி, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு ஆளின் பிஎல்ஆரைப் பார்த்து இது புகையால் வந்தது என்று சொல்ல வழியில்லை. உங்கள் விஷயத்தில் அதைவிடத் தெளிவான காரணம் கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இறக்கம் என்று வீட்டில் யாருக்காவது வந்தால் விகிதம் எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள், காசநோய்க்கு அது இலவசம்.

மாத்திரை தொடங்கி நாலு வாரம் கழித்து வெறும் சிபிசி மட்டும் ஒரு தடவை எடுங்கள், பேக்கேஜ் வேண்டாம். ஹீமோகுளோபின் 10.5, 11 என்று ஏறத் தொடங்கியிருக்க வேண்டும், பிளேட்லெட்டும் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குள் படி ஏறும்போது மூச்சு முட்டினாலோ, நெஞ்சு படபடவென்று அடித்தாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ நாலு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எல்லாம் நல்லபடியாகப் போனால் அந்தப் புது ரிப்போர்ட்டில் இருந்து ஹீமோகுளோபின், எம்சிவி, பிளேட்லெட் மூன்றையும், ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். பிஎல்ஆர் எழுத வேண்டாம்.